மேற்கோளும் ஓர் அமானிதமே

இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடுகளின் ஆய்வுக்கோவைகளை வாசிக்கையில் ஒரு குறை நம்மை உறுத்துகிறது. ‘சீறா செப்புகிறது’ என்பதோடு கட்டுரையாளர் சிலர் நின்றுவிடுகின்றனர். மூன்று காண்டங்களும் 5027 பாடல்களும் கொண்ட சீறாப்புராணத்தில் அவ்வடியை நாம் எங்கே தேடுவது?

இது வெறும் வடிவக் குறை அன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை உமறுப் புலவர் முழுமையாகப் பாடி முடிக்கவில்லை. உறனிக் கூட்டத்தார் படலத்தோடு காப்பியம் நின்றுவிடுகிறது. வஃபாத் வரையிலான எஞ்சிய பகுதியைப் பாடியவர் சின்னச்சீறா தந்த பனீ அகுமது மரைக்காயர். இரண்டையும் ‘சீறா’ என்றே குறித்தால் ஒருவர் பாட்டு மற்றவர் பெயரில் வழங்கத் தொடங்கும். அடுத்த மாநாட்டின் கட்டுரை அதனையே சான்றாகக் கொள்ளும். காண்டம், படலம், பாடல் எண், பதிப்பாண்டு ஆகியவற்றைக் குறிக்க முனைந்தால், கட்டுரை அச்சேறும் முன்பே அப்பிழை புலப்பட்டுவிடும்.

ஹதீஸ் கலை அறிஞர்கள் இஸ்னாது என்னும் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்த பின்னரே ஒரு செய்தியை ஏற்றனர். அம்மரபில் வந்த நமக்கு அடிக்குறிப்பு சுமையாகத் தோன்றலாமா? பக்க வரையறை நெருக்கினால் புகழுரையைக் குறைப்போம். சான்றைக் குறைக்க வேண்டா.