ஒரே வீடு, வேறு அடுப்பு

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில், சுவரோரமாக ஐந்து இடத்தில் கரி படிந்திருந்தது. ஐந்து மகன்களுக்கு ஐந்து அடுப்பு. "அண்ணன் தம்பிக்குள்ள அவ்வளவு சண்டையா?" என்று கேட்டேன். வீட்டைச் சுற்றிக்காட்டிய ஆச்சி சிரித்துவிட்டார். "சண்டை வரக்கூடாதுன்னுதான் அடுப்பைப் பிரிச்சு வச்சாக."

செட்டிநாட்டு நகரத்தார் இதை 'வேறு வைத்தல்' என்பார்கள். மகனுக்குக் கல்யாணமானதும் வளவு எனும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவனுக்கு. ஆண்டுக்கு இவ்வளவு என்று அரிசியோ பணமோ அளந்து கொடுத்துவிட்டால், அதற்குள் குடும்பத்தை ஓட்டுவது அவன் பொறுப்பு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலிலேயே இவ்வழக்கம் பதிவாகியிருக்கிறது.

பிள்ளை சொந்தக் காலில் நிற்க வேண்டுமென்றால் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று இன்று நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சென்னையில் தனி அறை எடுத்துத் தங்கி, மாசக் கடைசியில் அப்பாவுக்கு போன் போட்டுப் பணம் கேட்கிற பையன்களையும் பார்த்திருக்கிறேன். வேறு வைக்கப்பட்ட மகனின் நிலை அதற்கு நேர்மாறு. அப்பச்சி (அப்பா) கூப்பிடு தூரத்தில்தான் இருப்பார். ஆனால் ஆடி மாசமே அரிசி தீர்ந்துபோனால் அது மகன் பாடு. தொழிலையும் அப்படித்தான் பழக்கினார்கள். சின்ன வயதிலேயே கல்லாப் பெட்டியருகே வேலை பழகும் பெட்டியடிப் பையனாகக் கடையில் உட்கார்ந்து, முகவருக்கு உதவும் அடுத்தாளாகி, பிறகு பர்மாவிலோ மலாயாவிலோ மூன்றாண்டுக் கணக்குக்குப் பொறுப்பேற்க வேண்டும். முழுப் பொறுப்பு ஒரே நாளில் தலையில் விழவில்லை.

இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அடுப்பை ஊதியது யார்? கணவன் மூன்று வருஷம் ரங்கூனில் இருக்க, அளந்து வைத்த அரிசியை இழுத்துப்பிடித்து ஓட்டியவள் மருமகள். அவள் கொண்டுவந்த சீர்ப் பாத்திரங்களில்தான் அந்தத் தனிச் சமையலே நடந்தது. மகன் சொந்தக் காலில் நின்றான் என்று நாம் மெச்சுவதில் பாதி, சம்பந்தி வீட்டுச் செலவு. அதோடு, கல்யாணமானால்தான் கோயில் கணக்கில் ஒரு 'புள்ளி', அதாவது தனிக் குடும்பம். அதற்கு முன் எத்தனை வயதானாலும், எவ்வளவு சம்பாதித்தாலும் பிள்ளை பிள்ளைதான். மகளுக்கோ பிறந்த வீட்டில் தனி அடுப்பு என்ற பேச்சே கிடையாது.

அடுப்பைப் பிரித்தவர்கள் வீட்டைப் பிரிக்கவில்லை. அந்த ஒற்றுமையின் விலையைப் பேரன்மார் கொடுக்கிறார்கள். ஓர் அறைக்குப் பத்துப் பங்காளிகள். ஓடு உடைந்தால் யார் மாற்றுவது என்று முடிவாவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். இடித்த வீடுகளின் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடக்கின்றன.

இந்த வழக்கத்தை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை; கொண்டுவரவும் கூடாது. அதிலிருந்து அளந்து கொடுக்கும் அந்தக் கணக்கை மட்டும், கல்யாணம் வரை காத்திராமல், மகன் மகள் பாராமல் எடுத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகும் பிள்ளை உங்களோடேயே இருக்கட்டும். அடுத்த மாத மளிகைச் சீட்டையும் கரண்ட் பில்லையும் அவர்கள் கையில் கொடுங்கள். இருபதாம் தேதி பருப்பு தீர்ந்தால், நீங்கள் கடைக்குப் போகாதீர்கள்.