ஆக்கத்திறனும் அளவுகோலும்

ஆக்கத்திறனை அளத்தல் கூடுமோ என்பது கல்வியாளரை நெடுங்காலமாக வருத்தும் வினாவாகும். பரீட்சையில் வரும் கணக்குக்கு விடை ஒன்றே. அதனைக் கண்டவர் புள்ளி பெறுவர். ஆயின் ஒரு சிக்கலுக்கு நூறு தீர்வுகள் அமையக்கூடுமாயின், எவரும் எண்ணாத ஒன்றை எண்ணிய மாணவருக்கு எத்தனை புள்ளி வழங்குவது? இவ்வினாவுக்குச் செயலளவில் விடைகாண முயன்றவற்றுள் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய 'ஒடிசி ஒவ் த மைண்ட்' என்னும் மாணவர் போட்டி குறிப்பிடத்தக்கது. அதன் விதிகளை உற்றுநோக்குவார்க்கு அதன் உயர்வும் குறையும் ஒருங்கே புலப்படும்.

நியூ ஜேர்சி மாநிலத்துக் கிளாஸ்பரோ அரசுக் கல்லூரி, பிற்காலத்தில் றோவன் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. அங்கே வடிவமைப்புக் கற்பித்த பேராசிரியர் சாமுவேல் மிக்குளஸ் தம் மாணாக்கருக்கு விந்தையான வேலைகளை இடுவார். சக்கரமில்லாத ஊர்தி அமைத்தல், நீரைக் கடக்கும் மிதவை செய்தல் என்பன அவற்றுட் சில. செய்த பொருள் பயன்பட்டதா என்பதினும், செய்தவர் எத்துணைத் துணிவோடு புதுவழியிற் சென்றார் என்பதையே அவர் பெரிதாக மதித்தார். அவ்வகுப்பறைப் பழக்கமே 1978 ஆம் ஆண்டில் அம்மாநிலத்து 28 பாடசாலைகள் பங்குபற்றிய போட்டியாக விரிந்தது. பின்னர் பல நாடுகளுக்கும் பரவிற்று.

போட்டி இருபாற்பட்டது. முதலாவது, பல மாதம் உழைத்துத் தீர்க்கும் நெடுநாட் சிக்கல். ஊர்தி, கருவி, பழம்பெரும் இலக்கியமும் கலையும், கட்டமைப்பு, நாடகம் எனும் ஐவகையுள் ஒன்றைக் குழு தேர்ந்து, தன் தீர்வை எட்டு நிமிடத்தில் அரங்கேற்றல் வேண்டும். இதற்கு 200 புள்ளி. அரங்கேற்றத்தின் பாணிக்கு 50. இரண்டாவது, மூடிய அறையில் முன்னறிவிப்பின்றிக் கொடுக்கப்படும் உடனடிச் சிக்கல், இதற்கு 100. செலவுக்கும் வரம்பு உண்டு. ஆதலின் செல்வரின் பணப்பை வெற்றியை வாங்கிவிட இயலாது.

இவ்விதிகளுள் தலையாயது, வெளியார் உதவி கூடாதென்னும் விதி. தையல் தெரியாத சிறுவருக்குத் தைக்கக் கற்பிக்கலாம். ஆயின் அவர்தம் நாடக உடையைத் தாய் தைத்துக் கொடுத்தல் ஆகாது. பயிற்றுநர் வினாக்களை எழுப்பலாம். கருத்தொன்றை ஈதல் ஆகாது. மீறின் தண்டப்புள்ளி விழும். கல்விக் கண்காட்சிகளிலே பெற்றோரும் ஆசிரியரும் செய்தளித்த பொருள்களின் அருகே மாணவர் காவலாளர்போல் நிற்கும் காட்சி எந்நாட்டார்க்கும் புதிதன்று. அப்போலிமையை இவ்விதி வேரோடு களைய முற்படுகின்றது. கோணலாக ஒட்டிய பலகையும் மாணவர் கைப்பட்டதாயின் மதிப்புடையது என்பது இதன் உட்பொருள். பெரியோர் தம் கையைக் கட்டிக்கொண்டிருத்தலும் கற்பித்தலின் ஒரு கூறே என இப்போட்டி உணர்த்துவதுபோற் பிறிதொன்று உணர்த்துதல் அரிது.

எனினும் அளத்தல் என்னுமிடத்தில் இடர்ப்பாடு தோன்றுகின்றது. கட்டமைப்புச் சிக்கலில் பல்சா மரக்குச்சிகளும் பசையும் கொண்டு சில கிராம் எடையுள்ள சிறு கோபுரம் அமைத்து, அதன்மேல் எடைகளை ஏற்றுவர். பல நூறு இறாத்தல் தாங்கிய கோபுரங்களும் உள. அங்கே புவியீர்ப்பே நடுவர், வழக்குக்கு இடமில்லை. உடனடிச் சிக்கலிலோ, எவரும் சொல்லத்தக்க விடைக்கு ஒரு புள்ளியும் புதுமையான விடைக்கு அதனின் மிகுந்த புள்ளியும் வழங்குவதே பொதுவழக்கு. இரண்டொரு நிமிடத்தில் நடுவர் செவிக்குப் புதிதாய்ப் பட்டதே புதுமையாகிவிடுகின்றது. ஆழ்ந்து எண்ணி மெல்லப் பேசும் மாணவர் இங்கே பின்தங்குவர். அன்றியும், நெடுநாட் சிக்கலில் ஒரு பிரிவின் முதற்குழுவுக்கு 200 புள்ளி அளித்து, ஏனையோர்க்கு அவ்விகிதப்படி கணக்கிடுவர். ஒரே ஆக்கம் ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் மதிப்புப் பெறுதல் இதனால் நேரும். இப்புள்ளி ஒப்புநோக்கிய வரிசையைக் காட்டுமேயன்றி, ஆக்கத்திறனின் அளவைக் காட்டாது.

இக்குறையைப் போட்டியை அமைத்தோரே உணர்ந்திருந்தனர் என்பதற்கு 'றனற்றா பஸ்கா' என்னும் பரிசு சான்றாகும். அது ஒரு நீர்ப்பூச்சியின் பெயர். மிக்குளஸின் வகுப்பிலே மாணவர் ஒருவர் அப்பூச்சியின் வடிவில் ஒரு மிதவை அமைத்தார். அது நீரைக் கடக்கத் தவறியது. ஆயினும் வகுப்பிற் கண்ட கருத்துக்களுள் தலைசிறந்த ஒன்றாய் விளங்கியது. தோற்றுப்போன அம்மிதவையின் பெயரால், வெற்றி தோல்வி நோக்காது, தனிச்சிறந்த ஆக்கத்திறனுக்குப் பரிசு வழங்கப்பட்டு வருகின்றது. கூட்டிப் பெற்ற புள்ளிக்கு அகப்படாத ஒன்று உண்டெனப் போட்டி தன் வாயாலேயே ஒப்புக்கொள்ளும் இடம் இது. அதன் பெருமையும் இதுவே.

இதனினும் ஆழ்ந்த குறை பிறிதொன்று உண்டு. சிக்கல் எப்பொழுதும் பெரியோரிடமிருந்தே வருகின்றது. சிக்காகோக் கலைக்கல்லூரி மாணவரை ஆராய்ந்த கெற்சல்ஸ், சிக்செண்ட்மிகாய் என்னும் அறிஞர் இருவர் 1976 ஆம் ஆண்டில் தம் நூலில் வெளியிட்ட முடிவு இங்கே கருதத்தக்கது. முன்வைத்த பொருள்களை உடனே வரையத் தொடங்கியோரினும், அவற்றை மாற்றி மாற்றி வைத்து எதனை வரைவது என நெடிது தேடியோரின் ஓவியங்களே புதுமையுடையனவாக மதிக்கப்பட்டன. சிக்கலைத் தீர்ப்பதினும் சிக்கலைக் கண்டறிதல் அரிய திறன் என்பது இதனாற் பெறப்படும். பாணிக்குரிய கூறுகளுட் சிலவற்றைக் குழுவே தேர்ந்து மதிப்பிடச் சொல்லலாம் என்னும் ஏற்பாடு இத்திசையில் வைத்த சிற்றடியே. அதற்குமேல் விதிகள் செல்லவில்லை.

ஆகவே இத்தகைய போட்டியைத் தழுவ விரும்பும் பாடசாலைகள் கிண்ணத்தையும் புள்ளித்தாளையும் முதலிற் கொள்ளுதல் முறையன்று. கொள்ளத்தக்கன இரண்டு: பெரியோர் கைவிலகி நிற்கும் விதி, தோல்வியுற்ற நற்கருத்தைப் போற்றும் பண்பு. இவ்விரண்டுக்கும் பொருட்செலவு வேண்டியதில்லை, பொறுமையே வேண்டும். இவற்றோடு, ஆண்டில் ஒருமுறையேனும் சிக்கலையும் மாணவரே கண்டு கூறுமாறு இடமளிப்பின், அளவுகோல் தன் இடத்தில் நிற்க, ஆக்கத்திறன் தன் வழியில் வளரும்.