டி.சி. வாங்கினேன், புரொஜக்டர் வாங்கினேன்

காரக்கோணத்தில் ஒருவன் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டான் என்றால் டீக்கடை முழுக்க ஒரு நிமிஷம் பேச்சு நின்றுபோகும். டாக்டர் சாமர்வெல் நினைவு சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர். வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் பஸ் ஏறி இறங்குவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், இன்ஜினீயரிங்கை மூன்றாம் வருஷம் விட்டுவிட்டு, சுவரில் வெளிச்சம் அடிக்கிற தொழிலுக்கு வந்தவன் நான். இதைவிட ஆனந்தமான பிழைப்பு வேறே ஒன்று இருந்தால் யாராவது காட்டுங்கள், பார்க்கலாம்!

"மக்களே, அந்தப் பேப்பரை மட்டும் கையில வாங்கிட்டு, பொறவு என்ன வேணும்னாலும் செய்யி" என்றாள் அம்மா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரப்பர் ஷீட் விற்ற காசை எடுத்து நீட்டினார். அதில்தான் முதல் கிராபிக்ஸ் கார்டு வந்தது.

செய்கிற வேலையைச் சொல்கிறேன். சர்ச் முகப்பு, கோயில் மதில், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடத்து ஆண்டுவிழா மேடை என்று எந்தச் சுவரைக் கொடுத்தாலும் அதன்மேல் அசையும் படத்தைப் பொருத்துவோம். புரொஜக்ஷன் மேப்பிங். சுவரைப் பகலில் படம் எடுத்து, தூண், ஜன்னல், வளைவு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாகக் கட்டி எழுப்பி, ராத்திரி அதே அளவில் அதே சுவரில் வெளிச்சமாக விழ வைக்க வேண்டும். தூணில் கொடி படரும், ஜன்னல் ஒவ்வொன்றாகத் திறக்கும், கோபுரம் இடிந்து மறுபடி எழும். இதில் எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறிகிற விஷயம் கறுப்பு. புரொஜக்டருக்குக் கறுப்பு என்றால் வெளிச்சம் இல்லை என்றுதான் பொருள். எங்கே ஒளி விழக்கூடாதோ அங்கே கறுப்பைப் பூசிவிட்டால் போதும்; செவ்வகமான பட விளிம்பு இருட்டில் கரைந்து, கட்டடமே உயிர்பெற்று அசைவதாகக் கண் நம்பிவிடும்! அமெரிக்காவின் டிஸ்னிலாந்தில் 1969-லேயே பேய் மாளிகை ஒன்றில் சிலைகளின் முகத்தில் பாடுகிறவர்களின் முகத்தைப் படமாக விழவைத்துச் சிலைகளைப் பாட வைத்துவிட்டார்கள். அந்த வித்தையின் பேரப்பிள்ளைதான் எங்கள் தொழில்.

எங்கள் பக்கத்துப் பழைய சர்ச்சுகளைப் போல இதற்குத் தோதான சுவர் உலகில் வேறெங்கும் கிடையாது என்று அடித்துச் சொல்வேன். சுண்ணாம்பு அடித்த மங்கல் வெள்ளை, ஒளியை அப்படியே வாங்கித் திருப்பித் தரும். பளபள எனாமல் பெயின்ட் கண்ணைக் கூசவைக்கும். கருங்கல் எல்லாவற்றையும் குடித்துவிடும். இடமும் வேண்டும். லென்ஸின் த்ரோ ரேஷியோ 1.5 என்றால், 10 மீட்டர் அகலப் படத்துக்கு 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எங்கள் ஊர்களில் 15 மீட்டரில் பாதி நேரம் யாராவது ஒருவருடைய மரச்சீனித் தோட்டம் வந்துவிடும்! தோட்டக்காரரிடம் கெஞ்சி, சர்ச்சைப் பராமரிக்கிற கோயில்குட்டியாரிடம் சாவி வாங்கி, தெருவிளக்கை அணைக்க ஆள் பிடித்து, ஜெனரேட்டர் ஓடத் தொடங்கி, முதல் வெளிச்சம் சுவரில் விழும்போது கூட்டத்தில் எழுகிற அந்த 'ஹோ' இருக்கிறதே! அதற்கு எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கும்?

கிறிஸ்துமஸ் மாதம் வந்தால் எங்களுக்குத் தூக்கமே இல்லை. நாங்கள் இருப்பது கேரளத்து ஓரம்; குடில் போட்டி நடக்கிற மாவட்டம் பக்கத்திலேயே இருக்கிறது, எல்லையிலுள்ள பனச்சமூட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. இந்தப் பக்கம் மலையாளத்தில் தலைப்பு, அந்தப் பக்கம் தமிழில் தலைப்பு. கமிட்டிக்காரர்கள் ஒருவர் 'தம்பி' என்பார், ஒருவர் 'மோனே' என்பார், இருவரும் ஒரே மாதிரி பேரம் பேசுவார்கள். எங்கள் பக்கத்துச் செங்கல் ஊரின் மகேஸ்வரம் கோயிலில் 111.2 அடி உயரத்துக்கு ஒரு சிவலிங்கமே நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கை மவுஸைத் தேடும்.

இப்போது எங்கள் தொழிலின் குலதெய்வத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜே.சி. டானியல். 1900-இல் பிறந்தவர், அகஸ்தீஸ்வரத்து மண். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் படித்தவர். 1915-இல், பதினைந்து வயதில், வாள்வீச்சுக் கலை பற்றி ஆங்கிலத்தில் புத்தகமே எழுதிய ஆள். நம் மண்ணின் போர்க்கலையான களரியை உலகத்துக்குக் காட்டச் சினிமாதான் வழி என்று முடிவு கட்டினார். சென்னைக்கும் பம்பாய்க்கும் போய்த் தொழிலைத் தேடிக் கற்று, குடும்ப நிலத்தை விற்று, 1926-இல் திருவனந்தபுரம் பட்டத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்று ஸ்டுடியோ தொடங்கினார். 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்துக்குக் கதை, இயக்கம், கேமரா, எடிட்டிங், கதாநாயகன் எல்லாம் அவரேதான்! மலையாளத்தின் முதல் படம் அது. நாயகி பி.கே. ரோஸி, தலித் பெண். திரையில் அவர் மேல்சாதிப் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காத கூட்டம் கேப்பிடல் தியேட்டரில் கல்லெறிந்தது. ரோஸி ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. அவருக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் கை நடுங்குகிறது. டானியல் கடனாளியானார், பிற்பாடு பல் மருத்துவம் பார்த்துப் பிழைத்தார், 1975-இல் அகஸ்தீஸ்வரத்தில் காலமானார். 1992-இல் கேரள அரசு அவர் பெயரிலேயே வாழ்நாள் சாதனை விருது தொடங்கியது. 2013-இல் கமல் இயக்கி பிருத்விராஜ் நடித்த 'செல்லுலாயிட்' வந்த பிறகுதான் எங்கள் வயசுப் பிள்ளைகள் பலருக்கு அவர் பெயரே தெரிந்தது.

டானியல் நிலத்தை விற்று வாங்கியதெல்லாம் இன்று இலவசமாகக் கிடைக்கிறது என்பதுதான் என் மகிழ்ச்சியின் அடித்தளம். பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளைக் கும்பிட்டுத்தான் காலையில் கண் விழிக்கிறேன். ஐந்தோவன் ஊரில் தொழில்துறை வடிவமைப்பு படித்த டோன் ரோசண்டால் என்ற டச்சுக்காரர் 1989-இல் நியோஜியோ என்ற அனிமேஷன் ஸ்டுடியோ தொடங்கினார். அதற்குள்ளேயே முளைத்தது பிளெண்டர். பிறகு அதை நடத்திய கம்பெனி முடங்கியபோது, 2002-இல் உலகமெங்கும் இருந்த ரசிகர்கள் ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ திரட்டி அதை விலைக்கு வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள்! 2025-இல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டுப் படம் 'ஃப்ளோ' முழுக்க இதில்தான் செய்யப்பட்டது. ஆஸ்கர் வாங்கியவர்கள் கையில் இருக்கிற அதே கருவி என் வீட்டு மாடியிலும் ஓடுகிறது. நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நம் பக்கத்திலும் விதை போட்டவர்கள் உண்டு. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் 1999-இல் வந்த டூன்ஸ் நிறுவனம் தெனாலிராமனை அனிமேஷன் தொடராக்கியது. திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 2006-இல் படிக்கும்போதே மோப்மி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதில் ஒருவரான சஞ்சய் விஜயகுமார் 2012-இல் கொச்சியில் புதுத் தொழில்களை வளர்த்துவிடும் ஸ்டார்ட்அப் வில்லேஜை எழுப்பினார். உம்மன் சாண்டி முதல்வராக இருந்தபோது, தொழில் தொடங்கும் மாணவர்களுக்கு 20 சதவீத வருகைச் சலுகையும் 4 சதவீதக் கருணை மதிப்பெண்ணும் தரக் கேரள அரசு முடிவு செய்தது. அம்மா இதைக் கேட்டால் "அப்ப நீ ஏன்லே டி.சி. வாங்கின?" என்பாள். நான் டிசம்பர் மாதக் குடில்களுக்கு நடுவில் செமஸ்டர் தேர்வு எழுத முடியாதவன், அவ்வளவுதான்!

மருத்துவக் கல்லூரிக்குப் பெயர் கொடுத்த சாமர்வெல் யார் தெரியுமா? நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் கத்தி பிடித்த சர்ஜன், 1924-இல் ஆக்சிஜன் இல்லாமல் எவரெஸ்டில் 28,000 அடியை ஒட்டி ஏறியவர். கூடவே, இமயமலையைப் படம் படமாக வரைந்து குவித்த ஓவியர். டாக்டர் பெயரைச் சொல்லி என்னை மடக்க வருகிற அண்ணாச்சிகளிடம் இதைச் சொல்லித்தான் வாயை அடைப்பேன்.

படித்துக்கொண்டிருக்கிற தம்பி தங்கைகளே, டி.சி. வாங்குவதற்கு முன்னால் முதல் ஆர்டரை வாங்கிவிடுங்கள். வருகைச் சலுகை கிடைக்குமா என்று கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். பிளெண்டரை இறக்க ஒரு பைசா வேண்டாம். இன்று ராத்திரியே இறக்குங்கள், முதலில் உங்கள் வீட்டுச் சுவரிலிருந்து தொடங்குங்கள்!