எழுத்து அணியாகும்போது

எழுத்து வாசித்தற்குரியது, கோலம் பார்த்தற்குரியது என்பது பொதுவாக நிலவும் எண்ணம். இவ்விரண்டுக்குமிடையே உள்ள எல்லையை அழிக்கும் கலைமுயற்சியொன்று இன்று தமிழிலும் இடம்பெறத் தொடங்கியுள்ளது. செய்தித்தாள், விளம்பரத்தாள் முதலியவற்றிலிருந்து எழுத்துகளைக் கத்தரித்து ஒட்டி, அவ்வொட்டுச் சித்திரத்தைக் கணினியிலேற்றி, மீண்டும் மீண்டும் வரும் கோலமாக விரிப்பதே அம்முயற்சியாகும். துணி, நூல் அட்டை, அழைப்பிதழ் ஆகியன அதன் களங்கள். வெறும் அலங்காரம் என்று இதனை ஒதுக்குவாரும் உளர்; புதுமை என்ற ஒன்றுக்காகவே போற்றுவாரும் உளர். இவ்விரு நிலைகளும் திறனாய்வாகா. எந்த அளவுகோல் கொண்டு இதனை மதிப்பிடுவது என்பதே முதலில் எழவேண்டிய வினா.

எழுத்தைக் கோலமாக்கும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. தண்டியலங்காரத்தின் சொல்லணியியல் சித்திரகவிகளுக்கு இலக்கணம் கூறுகின்றது. அணியினைத் தனிப் பகுதியாகக் கொண்ட வீரசோழியத்தை 1881இல் பதிப்பித்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. அவர் பிறந்த சிறுப்பிட்டி, பருத்தித்துறை வீதியில் நீர்வேலிக்கு அடுத்துள்ள ஊர். வாழைத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற நீர்வேலியோ, வடமொழி தென்மொழி இரண்டிலும் வல்லவரான சங்கர பண்டிதரைத் தந்த ஊர். எழுத்தை நுணுகி ஆராய்ந்த புலமை மரபொன்று இந்நிலப்பகுதியில் வேரூன்றியிருந்தது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

சித்திரகவிகளுள் சருப்பதோபத்திரம் ஈண்டு நோக்கத்தக்கது. எட்டெழுத்துக் கொண்ட நான்கு அடிகளை மேலிருந்து கீழாக ஒருமுறையும், வரிசையை மாற்றி மறுமுறையும் எழுத 64 அறைகள் நிரம்பும். பின்னர் எந்தப் பக்கத்திலிருந்து வாசித்தாலும் அதே செய்யுள் கிடைக்கும். கணக்கிட்டுப் பார்ப்பின், இவ்வமைப்பிலே புலவன் தானாகத் தெரிவுசெய்யக்கூடிய இடங்கள் 10 மாத்திரமே. எஞ்சிய 54 அறைகளும் அவற்றின் எதிரொளிகள். இது முழுமையான கோலமாகும். ஆயினும் அதன் ஒவ்வோர் அறையும் வாசிக்கப்படுகின்றது; வாசிக்க இயலாதுபோயின் கவியும் இல்லை. கோலத்தின் கட்டுப்பாடும் பொருளின் கட்டுப்பாடும் ஒருங்கே நிறைவுறுவதுதான் அதன் வெற்றி.

கத்தரிக்கோலுடன் தொடங்கும் இன்றைய கலைஞன் வேறோர் எழுத்தைக் கையாளுகின்றான். சித்திரகவியின் அறையில் இருப்பது ஒலியெழுத்து. தாளில் வெட்டப்படுவது வரிவடிவம். ‘கொ’ என்பதை எடுத்துக்கொள்வோம். இலக்கணத்தார்க்கு அது ஓரெழுத்து. கண்ணுக்கோ கொம்பு, ககரம், கால் என மூன்று உறுப்புகள். 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்த யூனிக்கோட் குறியேற்றத்தில், ககரமும் ஒகரக் குறியுமாக அது இரண்டு. ஒரே எழுத்து நோக்குவார்க்கேற்ப ஒன்றாகவும் இரண்டாகவும் மூன்றாகவும் நிற்கின்றது. எதனைத் தன் அலகாகக் கொள்வது என்று தீர்மானியாத கலைஞனுக்குக் கத்தரிக்கோலும் கணினியுமே அதனைத் தீர்மானித்துவிடும்.

புள்ளியின் கதி இதனை மேலும் தெளிவுபடுத்தும். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. எனினும் எழுத்தின் உடலோடு ஒட்டாது தனித்து நிற்பது புள்ளி. எனவே வரிவடிவத்தின் ஓரம் பற்றிக் கத்தரிக்கையில் முதலில் உதிர்வதும் அதுவே. அப்போது ‘கல்’ ‘கல’ ஆகிவிடும். ஏட்டுச்சுவடிகளிலும் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. எழுத்தாணியின் கூர் ஏட்டைத் துளைத்துவிடும் என்பதே வழமையாகக் கூறப்படும் காரணம். எகர ஏகார வேறுபாடும் காட்டப்படாமையால் எரியும் ஏரியும் அங்கே ஒரே வடிவில் நின்றன. ஆயினும் சுவடியில் தமிழ் படித்த தலைமுறையினர் பிழையின்றி வாசித்தனர். ஏட்டில் இல்லாத புள்ளியை வாசகனின் பயிற்சி இட்டு நிரப்பியது. சிதைந்த வடிவத்தை முழுமையாக்கும் அறிவு வாசகனிடம் இருக்கும்வரையில் எழுத்து அழிவதில்லை என்பதே இதனாற் பெறப்படும் உண்மை.

மேனாட்டிலும் இத்தகைய சோதனைகள் நிகழ்ந்தன. 1912இல் பிராக், பிக்காசோ ஆகியோர் ஓவியத் தளத்திலே தாள்துண்டுகளை ஒட்டத் தொடங்கினர். ஜெர்மனியரான குர்ட் சுவிட்டர்ஸ், வங்கி விளம்பரமொன்றின் ‘கொமேர்ஸ்’ என்னும் சொல்லிலிருந்து வெட்டியெடுத்த ‘மேர்ஸ்’ என்ற துண்டையே 1919இல் தமது கலைமுறைக்குப் பெயராக்கினார். வணிகத்தைக் குறித்த சொல் அதன் பொருளிழந்து கலையின் பெயராயிற்று. எனினும் அது எதிலிருந்து வெட்டப்பட்டது என்பதை அறிந்தவர்க்கே அதன் எள்ளல் புலனாகும். நம் அயலிலே, சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை 1966இல் நிறுவிய கே. சி. எஸ். பணிக்கர், 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் வரிசையில் வாசிக்கவியலாத எழுத்துகளால் தளத்தை நிரப்பினார். சோதிடக் கட்டங்களையும் பழஞ்சுவடிகளையும் நினைவூட்டும் அவ்வோவியங்களில் வாசிக்கவியலாமையே பொருளாகின்றது. ஆனால் அவ்வழியை அப்படியே பின்பற்றும் கோலக்காரர் அவரது நோக்கத்தை விடுத்துத் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

கணினி இவ்வாபத்தை எளிதாக்குகின்றது. ஒரு தளத்திலே இரு திசைகளிலும் மீண்டும் மீண்டும் வரும் கோலங்கள் சமச்சீர் அடிப்படையில் 17 வகைகளுள் அடங்கும் என்பதை ருசியரான பெடரோவ் 1891இல் நிறுவினார். பெயர்த்தல், சுழற்றல், எதிரொளித்தல் ஆகிய அச்செயல்களை இன்று மென்பொருள் நொடியில் செய்துவிடும். ஆனால் அவை எழுத்துக்கு எழுத்து வேறு விளைவைத் தருவன. பெரும்பாலான அச்சுருக்களில் பகரத்தை இடவலமாக எதிரொளித்தால் பகரமாகவே நிற்கும். டகரத்தை எதிரொளித்தால் தமிழில் இல்லாத வடிவமொன்று தோன்றும். முன்னதில் வாசிப்புத் தொடர்கின்றது, பின்னதில் அறுகின்றது. இவ்வேறுபாட்டை அறிந்து இரண்டையும் அருகருகே வைப்பவன் கலைஞன். அறியாது வைப்பவனிடம் இருப்பது கருவி மாத்திரமே.

இவ்வினா இலங்கைத் தமிழருக்கு அழகியலோடு முடிந்துவிடுவதன்று. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் கொம்பு ககரத்துக்குப் பின்னே விழுந்தும், உயிர்க்குறிகள் புள்ளிவட்டங்களில் தொங்கியும் நிற்கும் பெயர்ப்பலகைகள் இன்றும் பொதுவிடங்களில் காணப்படுகின்றன. எழுத்து அங்கும் உடைகின்றது. ஒட்டுச் சித்திரத்தில் உடையும் எழுத்துக்கும் பலகையில் உடையும் எழுத்துக்கும் வேறுபாடு யாது? பலகையை எழுதியவர்க்கு எழுத்து வெறும் கீறல். அது முறிந்ததை அவர் அறியார். கலைஞனோ முறிவை வாசகனின் கண்ணுக்குக் காட்டவேண்டியவன். கொம்பைத் தனியே எடுத்துத் தோரணமாக்குபவன், அது எவ்வெழுத்தின் கொம்பு என்ற நினைவை அத்தோரணத்தில் எங்கேனும் விட்டுவைக்க வேண்டும். அந்நினைவும் அற்றுப்போயின் அவனது கோலமும் பிழையான பலகையும் ஒரே வரிசையில் வைக்கத்தக்கனவே.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் திருவிழாக்காலத்து மின்விளக்குச் சரங்களால் அமைக்கப்படும் ‘ஓம்’ என்னும் எழுத்தைக் காண்போர் எவரும் அதனை எழுத்துக்கூட்டி வாசிப்பதில்லை. எனினும் அதனை எழுத்தென்று அறியாதாரும் இல்லர். அணியாகிய பின்னும் எழுத்தாக நிற்றல் இயலும் என்பதற்கு அதுவே சான்று. கத்தரித்த எழுத்துகளின் கோலத்தையும் இவ்வளவுகோல் கொண்டே மதிப்பிடல் தகும். தூரத்தில் கோலமாகவும் அண்மையில் எழுத்தாகவும் தோன்றி, தன்னை வாசிக்கத் தெரிந்த ஒருவரை நாடி நிற்குமாயின், அது சித்திரகவி மரபின் இயல்பான வளர்ச்சியாகக் கொள்ளத்தக்கது.