பம்பைக் கழற்றும் முன்

இராணுவம் கழித்துவிட்ட லாரியை வாங்கிப் பிழைப்புக்கு ஓட்டுவது மலேசியாவில் புதிதல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலாயாவில் மிஞ்சிய படை வண்டிகளைப் பிரித்துக் கோத்துத்தான் பட்டறைக்காரர்கள் ‘சான் தாய் வோங்’ மரலாரிகளைக் காட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வண்டியின் கியர்பாக்ஸ் இன்னொன்றின் ஆக்ஸிலோடு சேராவிட்டால், சேர வைத்தார்கள். அந்தக் கைத்திறன் பெரிது. ஆனால் அதே துணிச்சலோடு ஹைட்ராலிக்கில் கை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உடைந்த பல்சக்கரம் கண்ணுக்குத் தெரியும். குறைந்த அழுத்தம் தெரியாது.

கிள்ளான் வட்டாரத்தில் டிப்பர் தூக்கவில்லை என்றால் முதல் பழி பம்பின் மேல்தான். ரெக்கோன் பம்பு மாட்டியும் சரியாகாவிட்டால் ரிலீஃப் வால்வை இறுக்குகிறார்கள். இரண்டில் இதுதான் மோசம். தேய்ந்த பாகம் தேய்ந்தபடியே இருக்க, கூடுதல் அழுத்தம் பழைய ஹோஸைத் தேடிப் போகிறது. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். கசிவை விரலால் தடவிப் பார்ப்பவர் விரலையே இழக்கலாம். கசிவைச் சோதிக்க ஓர் அட்டைத் துண்டு போதும்.

எதிர்த்தட்டில் இருப்பது இராணுவக் கையேடு. அமெரிக்காவின் எம்939 வரிசை 5 டன் லாரிக்கான டிஎம் 9-2320-272 தொகுதியை எடுத்துக்கொள்வோம். கோளாறு, சோதனை, தீர்வு என்று வரிசையாகப் போகிறது. எளிய சோதனை முன்னே, பிரிக்கும் வேலை பின்னே. இந்த ஒழுங்கு நம் பட்டறைகளில் இல்லை. ஆனால் ‘மேல்நிலைப் பராமரிப்புப் பிரிவுக்குத் தெரிவி’ என்று அது கைகழுவும் இடங்களில், தனி வாங்குநருக்கு மேலே யாரும் இல்லை. வண்டி பல கை மாறியிருக்கும், யாரோ எதையோ ஊற்றியிருப்பார்கள் என்பதையும் அது கணக்கில் எடுப்பதில்லை.

இங்கேதான் உண்மையான ஆபத்து. அமெரிக்காவின் எம்35 ரகப் படை லாரியில் காற்று உதவியுடன் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக். பழைய வண்டிகளில் ஒரே சுற்று. ஒரு குழாய் விட்டால் எல்லாச் சக்கரமும் போச்சு. அமெரிக்க இராணுவம் அதில் டாட் 5 சிலிக்கோன் திரவம் ஊற்றியது. அது ஈரத்தை உறிஞ்சாது. உள்ளே புகுந்த நீர் தாழ்ந்த இடத்தில் தேங்கித் துருவாக்கும். அதன்மேல் கடையில் கிடைக்கும் டாட் 3 ஊற்றினால் இரண்டும் கலக்காது. கனிம எண்ணெய் ஊற்றினால் பிரேக் ரப்பர் ஊதிப்போகும்.

பட்டறைக்காரர் தரப்பிலும் நியாயம் உண்டு. சோதனைக்கு யாரும் கூலி தருவதில்லை, பாகத்துக்குத்தான் தருகிறார்கள். லாரி ஒரு நாள் நின்றால் முதலாளிக்கு ஓட்டம் போச்சு. ஆனாலும் காசில்லாத சோதனைகளையே பலர் விட்டுவிடுகிறார்கள். காலையில் தூக்கும் கிரேன் மத்தியானம் திணறுகிறதா? சூடேறி இளகிய எண்ணெய் தேய்ந்த பம்பிலோ வால்விலோ உள்ளுக்குள் நழுவுகிறது. எண்ணெய் பால்போல வெளுத்தால் தண்ணீர். பம்பு ஊளையிட்டால் பெரும்பாலும் உறிஞ்சும் பக்கம் அடைப்பு அல்லது காற்று. ஒருபக்கம் மட்டும் தள்ளும் டிப்பர் சிலிண்டரில் வெளியே ஒரு சொட்டும் கசியாமல் தட்டு தானாக இறங்கினால், பெரும்பாலும் குறை சிலிண்டர் சீலில் இல்லை, வால்வைப் பாருங்கள். தட்டுக்கு முட்டுக் கொடுக்காமல் அடியில் போகவேண்டாம்.

என் முடிவு இது: கையேட்டின் வரிசையை எடுத்துக்கொள்ளலாம், வண்டியின் நிலையைப் பற்றி அது கொண்டிருக்கும் நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். மரலாரிக் காலத்து ஒட்டுவேலை பாடிக்கும் சேசிஸுக்கும் இருக்கட்டும். பிரேக்கிலும் ஹைட்ராலிக்கிலும் அதற்கு இடமில்லை. பழைய படை லாரி வாங்குவோர் பிரேக் திரவத்தை முழுதாக வடித்து, சீல்களையும் ஹோஸ்களையும் மாற்றிய பிறகே வண்டியைச் சாலையில் இறக்க வேண்டும். பட்டறையில் புதுப் பம்புக்கு விலை சொன்னால், பழையதில் அழுத்தமானி எவ்வளவு காட்டியது என்று முதலில் கேளுங்கள்.