குளங்களின் பெயரில் ஒரு நகரம்

வவுனியாவை ரயிலில் கடந்துபோகிறவர்கள் பலர். இறங்கி நடக்கிறவர்கள் சிலர். 1990க்குப் பிறகு போரினால் பல ஆண்டுகள் வடக்கு ரயில் இந்த நகரத்தோடு நின்றது. அப்போது எல்லோரும் இறங்கித்தான் ஆகவேண்டும். இப்போது விரும்பி இறங்கலாம்.

வழிகாட்டி தேவையில்லை, பெயர்ப்பலகைகளே போதும். வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், இறம்பைக்குளம், உக்குளாங்குளம்: வீடுகள் நெருங்கிவிட்ட இடங்களிலும் பெயரில் குளம் நிற்கிறது. வவுனியா இருக்கும் வன்னியில் ஊர் என்றால் முதலில் குளம், பிறகுதான் குடி. எனக்குப் பிடித்தது சூசைப்பிள்ளையார்குளம். கிறிஸ்தவர்களின் சூசையும் இந்துக்களின் பிள்ளையாரும் ஒரே பெயருக்குள் கேட்கிறார்கள். பிரிக்க மனம் வராது.

கந்தசுவாமி கோவில் மணி, பள்ளிவாசல் பாங்கு, விகாரையின் பிரித் ஓதல், இறம்பைக்குளத்து அந்தோனியார் கோவில் என்று ஒரு காலை நடைக்குள் நான்கு வழிபாடுகளையும் தொட்டுவிடலாம். கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தடியில் வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் சிலை. 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையிலிருந்து ஆங்கிலேயரை விரட்டியவன் அவன். தொல்லியல் அருங்காட்சியகத்தில் பழைய புத்தர் சிலைகள் மௌனமாக இருக்கின்றன. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் விலை பேசும்.

பெரிய மாளிகைகள் இல்லை. போரும் இடப்பெயர்வும் இங்கே நிறையப் பேரைக் கொண்டுவந்து சேர்த்தன. மாளிகைகள் அல்ல, அந்த மக்கள் கலவைதான் இந்த நகரத்தின் அழகு.

விடியவே கிளம்புங்கள். ஒன்பது மணிக்குமேல் வன்னி வெயில் யாரையும் நடக்கவிடாது.