பணியிழந்த தளபதி
'வைட் கிறிஸ்மஸ்' என்னும் இசைப்படம் பற்றிய திறனாய்வு

போரைக் காட்டிய படங்கள் பல; போர் முடிந்தபின் படைஞன் என்ன ஆனான் என்று கேட்ட படங்கள் சில. அக்கேள்வியை ஆடலும் பாடலுமாகக் கேட்டவற்றுள் ஒன்று, 1954ஆம் ஆண்டில் பாரமவுண்ட் நிறுவனம் வெளியிட்ட 'வைட் கிறிஸ்மஸ்'. மைக்கேல் கர்ட்டிஸ் இயக்க, இர்விங் பெர்லின் பாடல்களை இயற்றினார். விஸ்டாவிஷன் என்னும் அகலத்திரை முறையில் வந்த முதற்படமும் இதுவே. இதனைப் பனியும் காதலும் நிறைந்த பண்டிகைப் படமாகவே பலரும் நினைவில் வைத்துள்ளனர். அது பிழையன்று, ஆயினும், படத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது.

கதை 1944ஆம் ஆண்டுக் கிறிஸ்மஸ் முன்னிரவில், ஐரோப்பியப் போர்முனையில் தொடங்குகிறது. இடிபாடுகளுக்கு நடுவே வாலஸ் (பிங் கிராஸ்பி) படைஞர்களுக்காகப் பாடுகிறான். பக்கவாத்தியம் ஒரு சிறு இசைப்பெட்டி மட்டுமே. அன்றுதான் அவர்களுடைய தளபதி வேவர்லி (டீன் ஜாகர்) தலைமைப் பொறுப்பை விட்டுச் செல்கிறார். பத்தாண்டுகள் கழித்து வாலஸும் அவன் தோழன் டேவிஸும் (டேனி கே) புகழ்பெற்ற கலைஞர்கள். தளபதியோ வெர்மாண்ட் மாநிலத்தில் சேமிப்பையெல்லாம் கொட்டி ஒரு விடுதி நடத்துகிறார். பனி பெய்யவில்லை, விருந்தினர் வரவில்லை. விறகு சுமந்து வரும் அவரைக் கண்டு, ஒருகால் அவருக்கு வணக்கம் செலுத்திய இருவரும் திகைத்து நிற்கின்றனர்.

படத்தின் மிகச் சிறந்த காட்சி அதன்பின் வருகிறது. மீண்டும் படையில் சேர விரும்பித் தளபதி எழுதிய மடலுக்கு விடை வருகிறது. கையில் மூக்குக்கண்ணாடி இல்லை. வாலஸைப் படிக்கச் சொல்கிறார். எழுதியவர் பழைய நண்பர், எழுத்தெல்லாம் நகைச்சுவை. அந்நகைச்சுவைக்குள் ஒளிந்திருப்பது 'உமக்கு இங்கே இடமில்லை' என்னும் செய்தி. படிப்பவனுக்கும் அது புரிகிறது, கேட்பவருக்கும் புரிகிறது, இருவரும் புரியாததுபோல் நடந்துகொள்கின்றனர். ஜாகரின் முகத்தில் அழுகை இல்லை. குரலில் நடுக்கம் இல்லை. 1949ஆம் ஆண்டில் வெளியான 'டுவெல்வ் ஓ கிளாக் ஹை' படத்தில் படை அலுவலராக நடித்து ஆஸ்கார் பரிசு பெற்றவர் அவர். அடக்கத்தின் ஆற்றலை அறிந்த நடிகர்.

ஓய்வுபெற்ற தளபதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்னும் இப்பொருளையே பெர்லின் ஒரு வேடிக்கைப் பாட்டாகவும் அமைத்துள்ளார். படை வாழ்வில் உணவுக்கும் உடைக்கும் கவலை இல்லையே என்று ஏங்கும் இன்னொரு பாட்டும் உண்டு. இரண்டிலும் நகையே மேலோங்குகிறது. கசப்பு அடியில் கிடக்கிறது. அதைக் கிளறப் படத்துக்கு மனம் வரவில்லை.

கதையின் சிக்கலும் இதையே தொடுகிறது. தளபதியின் நிலையைத் தொலைக்காட்சியில் காட்டினால் நல்ல விளம்பரம் கிட்டும் என்கிறார் ஒரு நிகழ்ச்சித் தலைவர். வாலஸ் மறுக்கிறான். தொலைபேசியில் பாதியை மட்டும் ஒட்டுக்கேட்ட பணிப்பெண்ணின் சொல்லை நம்பி, அவனைத் தவறாக எண்ணிய பெட்டி (ரோஸ்மேரி குளூனி) நியூயார்க்குக்குப் போய்விடுகிறாள். ஒருவரின் தாழ்வைக் காட்சிப்பொருளாக்கலாகாது என்பது வாலஸின் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முடிவில் நிகழ்வதென்ன? அவன் அழைப்பை ஏற்றுப் பழைய 151ஆம் படைப்பிரிவினர் குடும்பத்தோடு திரள்கின்றனர். தளபதியின் உடைகளைச் சலவைக்கு அனுப்பிவிட்டு, சீருடை அணிவதைத் தவிர வேறு வழியில்லாமல் செய்கின்றனர். அரங்கத்தார் முன் அவர் நிறுத்தப்படுகிறார். வாலஸ் மறுத்ததைப் படமே செய்துவிடுகிறது. அன்பினால் செய்தது என்பது உண்மை, காட்சி காட்சிதான்.

இடையில் ஒரு செய்தி. வேரா எல்லனின் ஆட்டம் அவருடையது, பாட்டுக்குரல் இரவல். தமிழ்ப்படம் பார்த்துப் பழகியவர்க்கு இது வியப்பளிக்காது.

வில்லியம் வைலர் இயக்கிய 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' (1946) என்னும் படத்தோடு இதனை ஒப்பிடுவது தகும். அதில் நடித்த ஹரால்டு ரசல் படைப்பணியின்போது இரு கைகளையும் இழந்தவர். அங்கே வீரனின் துயரத்தைப் பாட்டு வந்து தீர்த்துவிடுவதில்லை. இங்கே மேடையின் பின்கதவு திறக்கிறது, வெளியே பனி கொட்டுகிறது, எல்லோரும் பாடுகின்றனர். கூட்டம் கலைந்தபின் விடுதி எப்படி நடக்கும், படையில் இடமில்லாத அம்முதியவர் மறுநாட்காலை எதற்காக எழுவார் என்பவற்றைப் படம் கேட்கவில்லை. ஆனால் அந்த மடற்காட்சி அவற்றை முன்பே கேட்டுவிட்டது.